முள் இல்லாத கௌதாரி

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ராயபுரத்துத் தெருக்களில் ஆண்கள் துணி மூடிய கூண்டைக் கையில் பிடித்து வீசி வீசி நடந்துபோவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? என் வயதுக்காரர்களாக இருந்தால் இருக்கும். உள்ளே கௌதாரி. அப்படி ஆட்டிக்கொண்டே போனால்தான் பறவை கூண்டின் அடித்தட்டை நகத்தால் இறுக்கிப் பிடிக்கும், பிடித்தால்தான் காலில் வலு ஏறும், வலு ஏறினால்தான் சண்டையில் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. குழந்தையைக்கூட அவ்வளவு அக்கறையாகத் தொட்டிலில் ஆட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பித்து சித்தப்பாவுக்கு. அவர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். கப்பல் வயிற்றுக்குள்ளிருந்து மூட்டையைத் தூக்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்று வின்ச்காரனுக்குத் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் நிற்பவன் விசில் அடிப்பான். ஒரு விதமாக அடித்தால் தூக்கு, இன்னொரு விதமாக அடித்தால் இறக்கு, நீட்டி அடித்தால் நிறுத்து. அந்த வேலையால் சித்தப்பாவுக்குக் காது கூர்மை, உதடு அதைவிடக் கூர்மை. ரயில் ஷண்டிங்கில் இருந்து பால்காரன் சைக்கிள் வரைக்கும் எதையும் விசிலில் கொண்டுவந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா என்னை "ஒரு இடத்தில் உட்கார மாட்டாயா?" என்று பெஞ்சின் மேல் நிற்க வைத்த நாட்களில், வீட்டுக்கு வந்து நான் சித்தப்பாவின் பின்னாலேயே சுற்றுவேன். எது எப்படி, ஏன் என்று கேட்டுக்கொண்டே. அவரும் சளைக்காமல் சொல்வார், பாதி பொய்யாக.

நான் சொல்ல வந்தது யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ரங்கூனுக்குப் போய்வரத் தொடங்கிய காலத்தில் வந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றி. அதற்குமுன் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தை என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தங்கை; சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி ரங்கூனுக்குப் போனவள். மாமா அங்கே ஒரு அரிசி மில்லில் ஃபிட்டர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஊரே கிளம்பி நடந்ததே, அந்தக் கூட்டத்தில் அவர்களும் மலை வழியாக நடந்தார்கள். அத்தை மட்டும் வந்து சேர்ந்தாள். அவள் வந்த நாள் எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம். கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது, தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. மாமா எங்கே என்று கேட்டதற்கு, "பின்னால வருவாரு" என்று மட்டும் சொன்னாளாம். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. வருடங்கள் போயும் இல்லை.

அவள் சொல்லாததை வேறொருவர் சொல்லிவிட்டார். அதே கூட்டத்தில் நடந்து வந்த வியாசர்பாடிக்காரர் ஒருவர், "அந்த ஆளு காச்சல்ல பாதையோரம் கெடந்தாரு, பொண்சாதியக் காணோம்" என்று மாமாவின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மாமாவின் அம்மா வீடு பெரம்பூரில், ரயில்வே ஒர்க்‌ஷாப் பக்கம். நாங்கள் அவரைப் பெரம்பூர் அம்மா என்போம். அமாவாசைக்கு அமாவாசை எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். உள்ளே வர மாட்டார். என் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுபோனால் வாங்க மாட்டார். தெருவில் நின்றபடியே கேட்பார்.

"எங்க வுட்ட எம் புள்ளைய? அத்த மட்டும் சொல்லு. உசுரோட கீறானா இல்லியா? நான் திதி குடுக்கறதா வேணாமா?"

அத்தை கதவுக்கு உள்பக்கம் நிற்பாள்.

"காச்சக்காரன வுட்டுட்டு ஓடியாந்தவ எப்புடி வாயத் தொறப்பா?" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. அப்போது மரியாதைக்காகப் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. எல்லோருமே அதை நம்பியிருந்தார்கள். நம்பிக்கொண்டே அவளுக்குச் சோறு போட்டார்கள். அத்தை விறகு பிளந்தாள், கரி அடுப்பு மூட்டினாள், என் தலையில் பேன் பார்த்தாள், பேசாமல் இருந்தாள்.

இனி பறவை.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் சித்தப்பா மூங்கில் கூடை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ரங்கூன் கப்பலில் கரி தள்ளும் ஆள் அவருக்கு தோஸ்து. அவர் மேலே மலையிலிருந்து வந்த யாரிடமோ வாங்கியது. சித்தப்பா அதற்குப் பதிலாகத் தன் மிலிட்டரி கம்பளியைக் கொடுத்துவிட்டார். நல்ல கனமான பச்சைக் கம்பளி, என் அம்மா அதன்மேல் கண் வைத்திருந்தாள்.

"கம்பளிய குடுத்துட்டு கவுதாரியா? மழ காலத்துல இன்னா, இத்தப் போத்திக்கினு தூங்குவியா?"

"அண்ணி, நீ பாரு அண்ணி. இந்த மாதிரி ஒண்ணு மெட்ராசுலயே கெடயாது."

அது உண்மைதான். நம் ஊர்க் கௌதாரி வறண்ட மண் நிறத்தில் வரிவரியாக இருக்கும். இது வேறு. கழுத்து கறுப்பு. கன்னம் இரண்டும் அரிசி மாவை அப்பியது போல வெள்ளை. நெஞ்சு சாம்பல். முதுகில் பழைய இலை மேல் மழைநீர் காய்ந்தது போன்ற கோடுகள். கால் மருதாணி வைத்தது போலச் சிவப்பு. பல வருடம் கழித்து என் மகள் ஒரு பறவைப் புத்தகத்தில் தேடிக் காட்டினாள். இந்தியாவின் வடகிழக்கு மூலையிலும் பர்மாவிலும் மலைக்காட்டின் அடியில், நிழலில், ஈர இலைச் சருகைக் கிளறி வாழும் ஜாதியாம். காடு குறையக் குறைய அதுவும் குறைந்துகொண்டே வருகிறதாம். படத்தில் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்தக் கன்னத்தை மறக்க முடியுமா?

அன்றைக்கு எங்களுக்கு அது வெறும் கௌதாரி. கௌதாரி என்றால் சண்டை. வேறு எதற்குக் கௌதாரி?

மறுநாளே பார்வையாளர்கள் வந்துவிட்டார்கள். வண்ணாரப்பேட்டையில் கூண்டு முடைந்து விற்கும் பாய் ஒருவர் வந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சண்டைக்கும் அவர்தான் நடுவர். அவரோடு திருவொற்றியூர் மேஸ்திரி வந்தார். சித்தப்பாவின் முந்தைய பறவையைத் தன் பறவையால் துரத்தியடித்தவர் அவர். அவர் பறவைக்கு மெயில் என்று பெயர். மெயில் ரயில் மாதிரி நிற்காமல் ஓடி வந்து மோதுமாம்.

பாய் பறவையைக் கையில் எடுத்துப் புரட்டி, காலைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

"முள்ளே இல்லியே நைனா."

கௌதாரிச் சேவலின் காலில் பின்பக்கம் முள் இருக்கும். அதுதான் ஆயுதம். முள் இல்லாதது பெட்டை. இது குழந்தைக்கும் தெரியும். இந்த மலை ஜாதியில் சேவலுக்கும் முள் கிடையாது என்பது பாய்க்கும் தெரியாது.

மேஸ்திரி சிரித்தார். "மாமு, கம்பளிய குடுத்து பொட்டையா வாங்கியாந்த? நல்லா முட்டையாவது வுடுமா, ஆம்லெட்டுக்கு?"

சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் உள்ளே ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "நல்லா வேணும்" என்றாள்.

பறவையோ கூண்டின் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கம்புத் தானியம் போட்டால் தொடவில்லை. மற்றக் கௌதாரிகளைப் போலக் காலை வெயிலில் வைத்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. சித்தப்பா அலுத்துப்போய்க் கூண்டைப் பின்கட்டில் குழாயடி ஓரம் வைத்துவிட்டார். அங்கே தரை எப்போதும் ஈரம், பூவரச மரத்து இலை விழுந்து அழுகிக் கிடக்கும். என் அம்மா கலீஜான இடம் என்பாள். அந்த இடம்தான் அதற்குப் பிடித்தது. கம்பி வழியாக மூக்கை நீட்டி ஈர இலையைக் கிளறித் தின்ன ஆரம்பித்தது. நானும் கூண்டுக்குள் இலை அள்ளிப் போட்டேன்.

சில நாள் கழித்து விடியற்காலையில் அது கத்தியது. கத்தியது என்று சொல்லக் கூடாது. விசில். ஒன்று, அடுத்தது கொஞ்சம் மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே, படி ஏறுவது போல வேகமாக ஏறி, உச்சியில் சட்டென்று நிற்கும். பிறகு அமைதி. யாரோ பாதியில் பேச்சை நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பது போன்ற அமைதி. மறுபடி அடியிலிருந்து ஏறும். மறுபடி நிற்கும்.

சித்தப்பா லுங்கியை அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "கேட்டியா? கேட்டியா? கூப்புடுது பாரு. பொட்டை இப்புடிக் கூப்புடுமா? சேவலுதான்."

நம் கௌதாரிச் சேவல் கத்துவது எதிரியை அழைப்பதற்கு. கத்தும், நிறுத்தும், பக்கத்துத் தெருவிலிருந்து எதிர்ச்சத்தம் வருகிறதா என்று கேட்கும். வந்தால் இன்னும் வேகமாகக் கத்தும். ஆகவே இதுவும் சவால். முள் இல்லாவிட்டால் என்ன, மூக்கால் குத்தும். சித்தப்பா அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார்.

நான் மட்டும் வேறொன்றைப் பார்த்தேன். பறவை நிறுத்திய அந்த இடைவெளியில், என் பின்னால் அடுப்படியிலிருந்து இன்னொரு விசில் வந்தது. தாழ்ந்த குரலில், ஒரே மட்டத்தில், விட்டு விட்டு. திரும்பினேன். அத்தை விசிறியைக் கையில் பிடித்தபடி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். உதடு குவிந்திருந்தது.

கூண்டுக்குள் பறவை துள்ளி எழுந்தது. கம்பியோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. மறுபடி விசில் அடித்தது. அத்தை மறுபடி பதில் சொன்னாள். இருவரும் மாறி மாறி, ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்து.

என் அம்மா குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். "இன்னாம்மா இது? பொம்பள வூட்ல விசிலடிக்கிறதா? தெருவுல கேட்டா இன்னா நெனைப்பாங்க?"

அத்தை சட்டென்று நிறுத்தி விசிறத் தொடங்கினாள். சாம்பல் பறந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நைனாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். மலையில் நடந்ததில் அவளுக்கு மண்டை கலங்கியிருக்கிறது, இத்தனை நாள் தெரியாமல் இருந்தது, இப்போது வெளியே வருகிறது என்று தீர்மானித்தார்கள். டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. என் நைனா நல்ல மனிதர். துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. ஒரு மூட்டை கிழிந்திருந்தால் ஏன் கிழிந்தது, எங்கே கிழிந்தது என்று நாள் பூராவும் விசாரிப்பார். தங்கையிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

மேஸ்திரியோடு சண்டை குறித்தாயிற்று. தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்குக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மண்ணில் கிழித்த வட்டத்துக்குள் இரண்டையும் விடுவார்கள். வட்டத்தை விட்டு ஓடினாலோ எதிரிக்கு முதுகைக் காட்டினாலோ தோல்வி. தோற்ற பறவை ஜெயித்தவன் வீட்டுக் குழம்புக்குப் போகும்.

முந்தைய நாள் அத்தை சித்தப்பாவிடம் வந்தாள். அவர் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இலை அள்ளிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இத்த சண்டைக்கு எடுத்துக்கினு போவாத."

அவள் தானாக வந்து யாரிடமும் ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. சித்தப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. துடைப்பதை நிறுத்தினார்.

"ஏங்க்கா?"

"அது சண்டைக்குக் கூப்புடல. ஜோடியக் கூப்புடுது. அது பாதி சொல்லும், மீதிய அது ஜோடி சொல்லும். ரெண்டும் சேந்தாதான் முழுசு."

"உனுக்கெப்டி தெரியும்?"

அத்தை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சித்தப்பா கொஞ்சம் காத்திருந்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்க்கா. இப்போ பேக் அடிச்சா பேஜாராப் பூடும். தெருவுல நடக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை நான் சித்தப்பாவின் பின்னாலேயே போனேன். பெண் பிள்ளைகள் வரக் கூடாத இடம் என்றார்கள். வரக் கூடாது என்று சொன்னதால்தான் போனேன். கிடங்கின் சுவரோரம் அடுக்கிய பீப்பாய்களின் மேல் ஏறி உட்கார்ந்தேன். உப்புக் காற்று, கரிப்புகை, மீன் காயும் வாடை. முந்தின நாள் மழையில் மைதானம் ஈரமாயிருந்தது. வாதாமரத்து இலைகள் சிவப்பும் பழுப்புமாக வட்டத்துக்குள்ளேயே கிடந்தன. யாரும் பெருக்கவில்லை. நம் கௌதாரிக்கு இலை ஒரு பொருட்டில்லை.

மேஸ்திரி துணியை எடுத்தார். மெயில் கழுத்தை நீட்டிக் கத்தியது. சித்தப்பா துணியை எடுத்தார். எங்கள் பறவை வட்டத்துக்குள் இறங்கியது, விசில் அடித்தது, படி ஏறியது, உச்சியில் நிறுத்திக் காத்திருந்தது.

"சவாலு வுடுதுடா" என்று யாரோ சொன்னார்கள்.

மெயில் பாய்ந்து வந்தது. அது வரும் வேகத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. திறந்தேன். எங்கள் பறவையைக் காணவில்லை. ஓடிப்போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை. வட்டத்தின் நடுவிலேயே, வாதா இலைகளுக்கிடையில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கோடு போட்ட முதுகு மட்டும் மேலே. இலை எது பறவை எது என்று தெரியவில்லை. மலைக்காட்டில் கழுகுக்கும் பூனைக்கும் அது காட்டும் வித்தை அதுதான் என்று இப்போது தெரிகிறது.

மெயில் வந்து நின்றது. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. எதிரே எகிறி வந்தால்தானே அது எகிறும்? ஒரு சுற்று சுற்றியது. பறவையின் மேலேயே ஒரு காலை வைத்து இறங்கியது. பிறகு திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் எதையோ பொறுக்கித் தின்ன ஆரம்பித்துவிட்டது.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு சித்தப்பா எழுந்தார்.

"முதுகக் காட்டிச்சு. பாய், பாத்துக்கோ. மெயிலு முதுகக் காட்டிச்சு."

"அடப்பாவி, உன்து படுத்துகினு கீதுய்யா. படுத்தவன்கிட்ட இன்னாத்துக்கு மூஞ்சியக் காட்டறது?"

"படுக்கக் கூடாதுன்னு சட்டம் கீதா? வட்டத்த வுட்டு ஓடுச்சா? முதுகக் காட்டிச்சா?"

"எது முதுகு எது மூஞ்சின்னே தெரியலியேடா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாய் தாடியைத் தடவிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். குனிந்து இலைகளுக்குள் பார்த்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் பறவை, படுத்த இடத்திலிருந்தே, மெதுவாக ஒரு விசில் அடித்து நிறுத்தியது.

பாய் நிமிர்ந்தார். "இது சண்டையே இல்ல நைனா. இது வேற யாரையோ தேடிகினு கீது. ரெண்டு பேரும் கூண்ட எடுத்துகினு வூட்டுக்குப் போங்க. யாருக்கும் குழம்பு கெடயாது."

வழியெல்லாம் சித்தப்பா கூண்டை ஆட்டவில்லை. நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் அதைக் குழாயடியில் வைத்துவிட்டு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீ சொன்னதுதான் சரி. அது சண்டைக்குக் கூப்புடல." கொஞ்ச நேரம் கழித்து, "உனுக்கு எப்டிக்கா தெரியும்?" என்றார்.

முந்தின நாள் கேட்ட அதே கேள்விதான். ஆனால் அப்போது அவர் மறுப்பதற்காகக் கேட்டார். இப்போது தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அத்தை அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கரியைக் கிளறிக்கொண்டே சொன்னாள். நான் என்ற ஒருத்தி அங்கே இருப்பதை இருவரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

மலையில் மேகம் இறங்கினால் கையை நீட்டினால் கை தெரியாதாம். மூட்டை தூக்கும் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். யார் எங்கே என்று தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், ஒரே கூச்சல். அந்தக் காட்டில் இந்தப் பறவை விடியலில் ஜோடி ஜோடியாகக் கூப்பிடுவதைக் கேட்டு, மாமா விளையாட்டாக அதன் முன்பாதியைப் பிடித்துக்கொண்டார். பின்பாதியை அத்தைக்குச் சொல்லித் தந்தார். அவர் முன்னாலிருந்து அடிப்பார், இவள் பின்னாலிருந்து பதில் சொல்வாள். இருக்கிறாயா, இருக்கிறேன்.

"அப்பறம் அவருக்குக் காச்சலு. பாதையோரமா ஒக்காந்துட்டாரு. தண்ணி வேணும்னாரு. டின்ன எடுத்துகினு ஓடைக்கு எறங்கினேன். நீ போ, நான் விசிலடிச்சிகினே இருக்கேன், அத்தக் கேட்டுத் திரும்பி வந்துடுன்னாரு. மேகம் எறங்கிடிச்சி. விசிலு கேட்டுது. பதிலு சொன்னேன். விசிலு வந்த பக்கமாவே நடந்தேன். மறுக்கா கேட்டுது. மறுக்கா நடந்தேன். நடந்துகினே இருந்தேன். செடிய வெலக்கிகினு வந்து நின்னுது. இதுதான். இதே மூஞ்சி."

சித்தப்பா கூண்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பாதையக் கண்டுபுடிச்சி வரதுக்குள்ள அவரு இல்ல. என்னத் தேடிகினு எறங்கனாரோ, யாராச்சும் தூக்கிகினு போனாங்களோ. அங்கியே ஒக்காந்திருந்தேன். பின்னால வந்தவங்க இழுத்துகினு வந்துட்டாங்க." கரண்டியைக் கீழே வைத்தாள். "எம் புருஷன் விசிலு எனுக்குத் தெரிய வாணாமா தம்பி? மனுசன் எது, பறவ எதுன்னு தெரியாத ஒருத்தி இருப்பாளா? இத்த அந்தப் பெரம்பூரம்மாகிட்ட எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது?"

அந்தப் பறவை என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். வெயில் காலம் தொடங்குவதற்குள் சித்தப்பா அதைக் கரி தள்ளும் தோஸ்திடமே திருப்பிக் கொடுத்தார். ஈரச் சாக்கு சுற்றி, மலைப் பக்கம் போகும் யாரிடமாவது சேர்த்துவிடச் சொல்லி. சேர்ந்ததோ, கப்பலிலேயே குழம்பானதோ தெரியாது. கம்பளி திரும்பி வரவில்லை. மாமாவும் வரவில்லை. இந்த இரண்டையும் அம்மா ஒரே மூச்சில் சொல்வாள், கேட்கச் சங்கடமாக இருக்கும்.

ஆனால் அதற்கு முன்னால், சண்டை நடந்த மறுநாள் விடியலில், சித்தப்பா என்னை எழுப்பினார். "வா, ஒரு வேல கீது." அத்தையை அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார். அவர் பின்கட்டில் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தினார். நான் நடுக்கதவில் நிற்க வேண்டும். பறவையும் அடிக்கும், அவரும் அடிப்பார். எது எது என்று அத்தை சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று நான் சொல்ல வேண்டும். பாய் செய்யும் நடுவர் வேலை எனக்கு. எனக்கு ஒரே குஷி.

அத்தை முதலில் வேண்டாம் என்றாள். சித்தப்பா விடவில்லை. "ஒரு தடவதான்க்கா."

அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு விடைத்திருந்தது. விசில் வந்தது. படி ஏறியது, உச்சியில் நின்றது.

"தம்பி" என்றாள் அத்தை, உடனே.

நான் பின்கட்டைப் பார்த்தேன். சித்தப்பா உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறவை கழுத்தை நீட்டியிருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டினார். சரி என்று சொல், சரி என்று சொல் என்று கையால் காட்டினார். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவு பாசமுள்ள மனிதர், அவ்வளவு தப்பான கணக்கு. சரி என்று சொல்லியிருந்தால், மலையில் நடந்தது அவள் குற்றம்தான் என்று ஆகியிருக்கும். நல்ல வேளை, என் வாய் எப்போதும் என் கண்ணுக்கு முன்னால் ஓடும்.

"தப்பு அத்தே, பறவை" என்று அதற்குள் கத்திவிட்டேன்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை திரும்பவில்லை.

"இன்னொரு தரம் அடிக்கச் சொல்லு."

விசில் வந்தது. இந்த முறை அவள் உடனே சொல்லவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். "பறவ."

"தப்பு. சித்தப்பா."

"இன்னொரு தரம்."

மறுபடியும் தப்பு. அடுத்தது சரி. அடுத்தது தப்பு. சித்தப்பாவுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்திருக்க வேண்டும். எனக்குச் சைகை காட்டுவதை விட்டுவிட்டு, தன் வேலையின் திறமையெல்லாம் கூட்டிப் பறவையைப் போலவே அடித்தார். பறவை தன்னைப் போலவே அடித்தது. கதவில் நின்று கண்ணால் பார்க்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

கடைசியில் அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"தப்பா? நெஜமாவா? எனுக்கோசரம் சொல்றியா?"

"நெஜமா தப்பு அத்தே. பாதிக்கு மேல தப்பு. உனுக்கு ஒண்ணுமே தெரியல."

இவ்வளவு மட்டமான மார்க்கு வாங்கி இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்ட ஒருவரை நான் பிறகு பார்த்ததில்லை. தோள் இறங்கியது. கை இறங்கியது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அன்றைக்கே தனியாகப் பெரம்பூருக்குக் கிளம்பிப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து சொல்லவும் இல்லை. வழக்கம் போல அடுப்பு மூட்டினாள்.

அடுத்த அமாவாசைக்குப் பெரம்பூர் அம்மா வந்தார், இந்த முறை பொழுது விடியும்போதே. தெருவில் நின்று கத்தவில்லை. வாசலில் செருப்பை விட்டார். நேராக நடந்து, அடுப்படி தாண்டி, பின்கட்டுக்குப் போய்க் கூண்டின் எதிரே அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். என் அம்மா மணை கொண்டுவந்தாள், அவர் கவனிக்கவில்லை. யாரும் பேசவில்லை. பறவையும் பேசவில்லை. வெளியே துறைமுகத்து ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மட்டும்.

வெளிச்சம் வந்த பிறகு பறவை கூப்பிட்டது. ஏறியது, நின்றது. பெரம்பூர் அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினார். அத்தை கதவில் நின்றிருந்தாள். எல்லோரும் பார்க்க, தெருவில் கேட்டாலும் கேட்கட்டும் என்று, உதட்டைக் குவித்து மீதியைச் சொன்னாள்.

பெரம்பூர் அம்மா கொஞ்ச நேரம் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.